ரதியின் கண்ணுக்கு மட்டும்



மாசி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் மலைப்பக்கத் தோட்டங்களில் இரவு நேரம் தப்புச் சத்தம் கேட்கத் தொடங்கும். அது காமன் கூத்துக் காலம். அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் காமன் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் சிவனின் நெற்றிக்கண் பட்டு மன்மதன் எரிந்துபோவான். ரதி தலைவிரி கோலமாக அழுது புலம்புவாள். மூன்றாம் நாள் மன்மதன் எழுப்பப்படுவான். ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான், மற்றவர்களுக்குத் தெரியமாட்டான் என்பது வரம். வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இந்தப் பக்கத்தை வாசிக்கும் பலர் இக்கூத்தைப் பார்த்திருக்கமாட்டீர்கள் என்பதால் இவ்வளவு விளக்கம்.

2019ஆம் ஆண்டு மாசியில் ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ்ப் பாட ஆசிரியை என்னைப் பிள்ளைகளின் இலக்கிய மன்றத்துக்கு அழைத்திருந்தார். தரம் 10, 11 பிள்ளைகள். கம்பராமாயணமும் பாரதமும் அவர்களுக்குப் பரீட்சைக்குரிய செய்யுள்கள்தாம். பதவுரை எழுதுவார்கள், அணி சொல்வார்கள். அதற்கு மேல் அந்தக் கதை தங்களுக்கு என்ன சொல்கிறது என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை. நான் ஒரு வேலை கொடுத்தேன். "நீங்கள் படித்த அல்லது கூத்தில் பார்த்த கதையில் ஒரு பெண்ணைத் தெரிவுசெய்யுங்கள். கதை முடிந்த மறுநாள் அவள் என்ன செய்தாள் என்று எழுதுங்கள்." ஒரு வாரம் தவணை.

வந்தவற்றில் பாதிக்கு மேல் சீதை. நுவரெலியாவிலிருந்து பதுளை போகும் வீதியில் சீதா எலிய அம்மன் கோயில் இருக்கிறது. அதுதான் அசோகவனம் இருந்த இடம் என்று இங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். பாடசாலைச் சுற்றுலாவில் அதைப் பார்க்காத பிள்ளை இல்லை. மறுநாள் கதையைத்தான் கேட்டிருந்தேன் என்றாலும் ஒரு பையன் அசோகவனத்திலேயே நின்றுவிட்டான். அந்தக் குளிரில் சீதைக்கு யாராவது கம்பளி கொடுத்தார்களா என்று கேட்டு எழுதியிருந்தான். கம்பளிக்காகப் பெரிய கிளாக்கரின் வாசலில் காத்து நிற்கும் சீதை! வாசித்தபோது வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இன்னொரு பிள்ளை திரிசடையை எழுதியிருந்தாள். கம்பரின் கதையில் திரிசடை விபீடணனின் மகள். அப்பா எதிர்ப்பக்கம் போய்விட்டார், பெரியப்பா இந்தப் பக்கம் அரசர், மகளோ சிறையிருப்பவளுக்குக் காவலும் துணையும். "எங்க அப்பா ஜெயிச்சா எங்க பெரியம்மா தாலி அறுப்பாங்க. நான் எந்தப் பக்கத்துக்குச் சாமி கும்பிடுறது?" என்று அவளது திரிசடை கேட்டாள். பதவுரையில் இதற்கு இடமில்லை.

பாரதத்தை எடுத்தவர்கள் குறைவு. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இங்கே ஆடப்படுபவை. ஆனால் அருச்சுனன் தபசில் போர் இன்னும் வரவில்லை. ஒரு மாணவன் மட்டும் "போர் முடிஞ்ச பிறகு பொம்பளைங்களுக்கு என்ன ஆச்சு, மிஸ்?" என்று கேட்டான். வியாச பாரதத்தில் இதற்கென்றே ஒரு பருவம் உண்டு. 18 பருவங்களில் 11ஆவது, பெண்களின் பருவம். காந்தாரியும் மருமகள்மாரும் களத்துக்குப் போய்த் தங்கள் தங்கள் ஆண்களின் உடல்களைத் தேடுகிறார்கள். நம் பாடசாலைகளில் பெயர் தெரிந்த வில்லிபாரதமோ 10ஆவது பருவத்தோடு நின்றுவிடுகிறது. போர் முடிகிறது, நூலும் முடிகிறது. பெண்கள் உடல் தேடும் இடத்துக்கு அது போவதில்லை. இதை நான் சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை தலை நிமிர்ந்து பார்த்தாள். அன்றுவரை ஒரு சொல்லும் பேசாதவள் அவள்.

அவளைப் பற்றி எழுதுவதற்கு அவளும் தாயும் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயரும் தோட்டமும் வேண்டாம். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறும்போது தந்தை நெரிசலில் பிரிந்துபோனார். அதன் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. மெனிக் பாம் முகாமில் இருந்து வெளிவந்ததும் தாய், பிள்ளை, அப்பாயி மூவரும் அப்பாயியின் தங்கை இருந்த லயத்துக்கே வந்து சேர்ந்தார்கள். தாய் பெயர் பதியாமல் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்.

அந்தப் பிள்ளை முதல் வாரம் வெறும் தாள் கொடுத்தாள். நான் வற்புறுத்தவில்லை. (இதை ஒரு குறிப்பாகச் சொல்கிறேன். உங்கள் கிராமத்தில் பிள்ளைகளோடு இப்படி எதையாவது செய்ய விரும்பினால் எழுதாமல் இருக்கும் உரிமையை முதலில் கொடுங்கள். எழுதியதைக் கேட்காமல் உரத்து வாசிக்கவும் வேண்டாம். வேறொரு பாடசாலையில் நான் இந்தப் பிழையை விட்டு ஒரு பிள்ளையை அழவைத்திருக்கிறேன்.) இரண்டாவது வாரம் காமன் கூத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகையில் லாவணி பாடுவார்கள். ஒரு தரப்பு மன்மதன் எரிந்தான் என்று பாடும், மறுதரப்பு எரியவில்லை என்று பாடும். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று அவற்றுக்குப் பெயர். நான் சாதாரணமாகத்தான் இதைச் சொன்னேன். அவள் கை உயர்த்தினாள்.

"மிஸ், ரதி கண்ணுக்கு மட்டுந்தான் அவரு தெரிவாருன்னா, ஊரு அவள என்னன்னு சொல்லும்? பொட்டு வைக்கலாமா, வைக்கக்கூடாதா?"

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் கருத்தொன்றைப் படித்திருக்கிறேன். ஆள் இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்புக்கு அவர் ஒரு தனிப் பெயரே வைத்திருந்தார். பரீட்சையில் அதற்கு நல்ல புள்ளியும் எடுத்தேன். அந்தப் பிள்ளையின் ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் அவள் ஆறு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். தலைப்பு, "எங்கள் வீட்டு லாவணி". அதில் எரியாத கட்சி ரதி. எரிந்த கட்சி ரதியின் மாமியார். கதையில் அப்படி ஒருத்தி பாடுவதில்லை, இவளே சேர்த்துக்கொண்டாள். மாமியார் சொல்கிறாள்: என் பிள்ளைக்கு ஒரு திதி கொடுக்காமல் நான் கண் மூடமாட்டேன், அவன் பசியோடு அலைவான். ரதி சொல்கிறாள்: திதி கொடுத்தால் நானே அவரைக் கொன்ற மாதிரி. தேவலோகத்திலிருந்து ஓர் எழுத்தர் கோப்போடு வருகிறார். மன்மதன் இறந்தான் என்று கையெழுத்திட்டால் உதவி உண்டு என்கிறார். நடுவில் ஒரு சின்னப் பிள்ளை இரண்டு கட்சிக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு வசனமே இல்லை.

சகோதரிகளே, உங்களில் எத்தனை வீடுகளில் இந்த லாவணி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்களுக்காக, காணாமற்போனவர் என்று காட்டும் சான்றிதழ் பெறும் வழி 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தில் வந்தது. அதை எடுப்பது இறந்துவிட்டார் என ஒப்புக்கொள்வது ஆகாது. அந்தத் தாய்க்கு நான் அதை விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆசிரியைக்கு இதை மேடையேற்ற ஆசை வந்தது. பிள்ளையும் சரி என்றாள், ஆனால் ரதியாகத் தானே ஆடுவேன் என்றாள். இங்குதான் சிக்கல். காமன் கூத்தில் ரதி வேஷம் ஆண்கள் கட்டுவது. தோட்டத்தில் பேச்சு எழுந்தது. கடைசியில் கூத்து வாத்தியாரிடம் போனோம். எழுபது வயதைத் தாண்டியவர். தாளை யாரோ வாசிக்கக் கேட்டுவிட்டு வெகுநேரம் வெற்றிலை மென்றார். "கம்பத்துக்கு முன்னால ஆடுறது நேத்தி. பள்ளிக்கூடத்துல ஆடுறது கூத்து. ரெண்டும் வேற. புள்ள ஆடட்டும்" என்றார். தப்படிக்கத் தன் பேரனையும் அனுப்பினார்.

பழைய கதையைத் தங்கள் துயரத்துக்கு எடுத்துக்கொள்வது புதிதல்ல. 1960களில் பேராதனை மாணவர்களைக் கொண்டு பேராசிரியர் வித்தியானந்தன் 'இராவணேசன்' கூத்தைத் தயாரித்தபோது இராவணன் அரக்கனாக அல்லாமல் துன்பியல் நாயகனாக நின்றான். மாணவராக இருந்த மௌனகுருவே அதில் இராவணனாக ஆடினார். கிரேக்கத்தில் கி.மு. 415இல் யூரிப்பிடிஸ் எழுதிய 'ட்ரோஜன் பெண்கள்' நாடகத்தில் போருக்குப் பின்னர் மிஞ்சிய பெண்கள்தான் பாத்திரங்கள். அதை 2013இல், சிரியாவில் இருந்து ஜோர்தானுக்கு அகதிகளாக வந்த பெண்கள் அம்மான் நகரில் தங்கள் சொந்தக் கதைகளையும் கலந்து நடித்தார்கள். முன்பு மேடை ஏறாதவர்கள் அவர்கள். இதை அந்தப் பிள்ளையிடம் சொன்னபோது, "அவங்களுக்கும் சேலை இருந்துச்சா, மிஸ், இல்ல வாடகைக்கு எடுத்தாங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு அன்றைய கவலை அது. பச்சைச் சேலையை ஆசிரியை கொடுத்தார்.

பங்குனியில் ஒரு பின்னேரம் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. தாய் கொழுந்து நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு வந்து கதவோரம் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், மறுத்துவிட்டார். அப்பாயி முன்வரிசையில் இருந்தார். ரதி புலம்பும் இடத்தில் பிள்ளை அழவே இல்லை. கணக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள்: அவர் போட்டிருந்த சட்டையின் நிறம், கையில் இருந்த பை, கடைசியாகத் திரும்பிப் பார்த்த இடம். மண்டபத்தில் யாரும் அசையவில்லை. அந்தச் சட்டை நீலமல்ல, சாம்பல் என்று தாய் பின்னர் என்னிடம் திருத்தினார். பத்து வருடத்தில் மகளோடு அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லையாம். அன்றிரவு பேசினார்களாம். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அவர் அந்த ஆறு பக்கங்களின் போட்டோப் பிரதி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். கணவரின் அடையாள அட்டைப் பிரதியும் முகாம் துண்டும் வைத்திருக்கும் பொலித்தீன் பையில் மடித்து வைத்தார். சான்றிதழ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாயிதான் லயத்து வாசலில் என்னை மறித்தார். "நாடகத்துல யாரு ஜெயிச்சான்னே சொல்லலையே, தாயி?"

உள்ளிருந்து பேத்தியின் குரல் வந்தது. "இன்னும் எழுதி முடிக்கல, அப்பாயி."