ஆழ்துளைக் கிணறும் எந்திரக் கையும்

‘ரோபோ’ என்னும் சொல் ஒரு நாடகத்தில் பிறந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக், 1920ஆம் ஆண்டில் எழுதிய நாடகமொன்றில், மனிதனுக்காக உழைக்கும் செயற்கை ஆட்களுக்கு அப்பெயரைச் சூட்டினார். கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லே அதன் வேர். கொத்தடிமைத் தொழிலைச் சுட்டிய அச்சொல், இன்று கோடை விடுமுறைப் பயிற்சி வகுப்புகளின் விளம்பரப் பலகைகளில் ஏறி நிற்கிறது. பிள்ளைகள் எந்திரனியல் கற்றால் தன்னம்பிக்கை வளரும், பொறுமை வளரும், தலைமைப் பண்பு வளரும் என்று அவ்விளம்பரங்கள் உறுதி கூறுகின்றன. பெற்றோரும் நம்பிக் கட்டணம் செலுத்துகின்றனர். வளரும் என்பதில் எமக்கு ஐயமில்லை. எவ்வாறு கற்பித்தால் வளரும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மதுரையைச் சூழ்ந்த வறண்ட புன்செய் நிலங்களில் ஆழ்துளைக் கிணறே உழவரின் கடைசி நம்பிக்கை. பல நூறடி துளைத்தும் நீர் ஊறாவிட்டால், குழாயை உருவிக்கொண்டு போய்விடுகின்றனர். மூடப்படாத துளை அங்கேயே கிடக்கிறது. அதில் தவறி விழும் குழந்தைகளை மீட்பதற்கென்றே ஒரு கருவியை உருவாக்கியவர் மதுரையைச் சேர்ந்த மணிகண்டன். மேலிருந்து துளைக்குள் இறக்கப்படும் அக்கருவியில் கேமராவும் உண்டு. குழந்தையைப் பற்றிக்கொள்ளும் கைகளும் உண்டு. 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த மூன்று வயதுச் சிறுவன் இக்கருவியின் துணையால் உயிருடன் மேலே வந்தான். 2019 அக்டோபர் 25ஆம் நாள் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோதும் அவர் குழுவினர் விரைந்து சென்று முயன்றனர். அம்முறை இயலவில்லை. குழந்தை மேலும் ஆழத்திற்குச் சரிந்தது. பக்கத்தில் தோண்டிய குழியோ கடும்பாறையில் தடைபட்டது. 29ஆம் நாள் அதிகாலையில் உடல்தான் கிடைத்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் எந்திரனியல் வகுப்பின் முதற்பாடமாக வைத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. வெற்றியை மட்டும் கூறி நிறுத்துவது முறையன்று. ஓரிடத்தில் கைகொடுத்த கருவி மற்றோரிடத்தில் ஏன் கைகொடுக்கவில்லை? துளையின் அகலம் எவ்வளவு? குழந்தையின் கைகள் எந்நிலையில் இருந்தன? மண் சரியாமல் பிடிப்பது எப்படி? இவ்வினாக்களை எழுப்பத் தொடங்கும் பன்னிரண்டு வயது மாணவன், முகமறியாத ஒரு தாயின் துயரை உணரவும் கற்கிறான். அத்துயரைக் கண்ணீரோடு விட்டுவிடாமல் அளவுகோலை எடுக்கவும் கற்கிறான். நீதிபோதனை வகுப்பில் இவ்விரண்டும் ஒருங்கே வாய்ப்பது அரிது.

வகுப்பறையில் நிகழ்வதையும் சற்று நோக்குவோம். தரையில் வரைந்த கறுப்புக் கோட்டின் வழியே தானாக ஓடும் சிறு வண்டியே பெரும்பாலான பிள்ளைகள் செய்யும் முதல் எந்திரம். வண்டியின் அடியில் உள்ள உணர்கருவி அகச்சிவப்புக் கதிரைத் தரைமேல் பாய்ச்சும். வெண்மை அதைத் திருப்பியனுப்பும்; கருமை விழுங்கிவிடும். அவ்வேறுபாட்டைக் கொண்டே வண்டி வழியறிகிறது. அறைக்குள் அழகாக ஓடிய அவ்வண்டி, முற்றத்து வெயிலில் வைத்தவுடன் தடுமாறும். கதிரவன் ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் கலந்திருப்பதே காரணம். இதை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது வெறும் செய்தி. சொல்லாமல் விட்டால், பிள்ளைகள் மின்கலத்தைக் குறை கூறுவர், பிறகு சக்கரத்தை, பிறகு ஒருவரையொருவர். சண்டை ஓய்ந்த பின்னரே ஒருவர், நிழலில் வைத்துப் பார்ப்போம் என்பார். அந்தக் கணம்தான் கல்வி. எந்திரத்திடம் சாக்குப்போக்குச் செல்லாது. அதே வேளையில் அது யாரையும் திட்டுவதுமில்லை. தேர்வுத்தாளில் பிழை செய்தால் மதிப்பெண் போகிறது. இங்கோ பிழைதான் அடுத்த அடியைக் காட்டுகிறது. சீமோர் பேப்பர்ட் என்னும் அறிஞர் அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியிலேயே குழந்தைகளுக்காகக் கணினி மொழி அமைத்து, தரையில் ஊரும் ‘ஆமை’ எந்திரத்தை அவர்கள் கையில் கொடுத்ததும் இந்நோக்கில்தான்.

இதை மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவாரும் உளர். அவர்கள் அல்ஜஸரியை அறிதல் நலம். ஆர்த்துக்கிய மன்னரிடம் பணியாற்றிய அவர், 1206இல் நிறைவுசெய்த நூலில் யானைக் கடிகாரம் முதலிய பல பொறிகளை அமைக்கும் முறையை விளக்கினார். பணியாளர் தம் கையில் நீர் வார்ப்பதை மன்னர் விரும்பவில்லை. ஆதலின் ஒளுச் செய்வதற்குத் தானாக நீர் வார்க்கும் பொறியும் அவர் பட்டறையில் உருவாயிற்று. தேவை முன்னே வந்தது. பொறி பின்னே வந்தது.

இன்றைய பயிற்சி வகுப்புகள் பலவற்றில் இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறது. விலையுயர்ந்த பெட்டியைத் திறந்து, படத்தைப் பார்த்து, அதன்படி திருகாணியை முடுக்கினால் சான்றிதழ் கிடைக்கும். இதனால் விரல் பழகும், உள்ளம் பழகாது. நடுவணரசின் அடல் புத்தாக்க இயக்கம் 2016இல் தொடங்கப்பெற்றது. அதன்வழி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்காக நாடெங்கும் பத்தாயிரத்திற்கு மேற்பட்ட பள்ளிகளில் ஆய்வகங்கள் அமைந்துள்ளன. ஓர் ஆய்வகத்திற்கு ரூ.20 இலட்சம் வரை மானியம் உண்டு. நல்ல முயற்சியே. ஆயினும் கருவி உடைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என அஞ்சி அலமாரியைப் பூட்டிவைக்கும் பள்ளியில் இலட்சங்கள் பயன்தரா. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் அத்தாவுக்கு உதவியாக அமரும் சிறுவனிடம் பூட்டிய அலமாரியில் இல்லாத அறிவு இருக்கிறது. அவனை ‘படிக்காதவன்’ என்று தள்ளும் நம் சமுதாயம், அதே வேலையை ஆங்கிலப் பெயரிட்டுக் கட்டணம் வாங்கிக் கற்பித்தால் கைதட்டுகிறது! பெண்பிள்ளைகள் பற்றவைப்புக் கோலைத் தொடுவதைத் தடுக்கும் வீடுகளும் இன்னும் உள்ளன.

இன்னொன்றும் கூற வேண்டும். ஆழ்துளைக் கிணற்றை முறையாக மூடிவிட்டால் மீட்புக் கருவிக்கே வேலையில்லை. கைவிடப்பட்ட கிணற்றை அடிமுதல் தரைமட்டம்வரை களிமண், மணல், கல் முதலியவற்றால் நிரப்ப வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010லேயே நெறிமுறை வகுத்துள்ளது. எந்திரக் கையைச் செய்யப் புகுந்த மாணவன், இது தேவைப்படாமல் செய்ய வழியில்லையா என்று கேட்பானாயின், ஆசிரியர் பெருமிதம் கொள்ளலாம்.

நம் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தைச் சனிக்கிழமை பிற்பகல்களில் அருகிலுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட நிருவாகத்தினர் மனங்கொள்ள வேண்டும். பழைய மோட்டார்களையும் கம்பிகளையும் தர நம் வணிகப் பெருமக்கள் தயங்கமாட்டார்கள். முதற்பணியாக, கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் தத்தம் ஊரில் திறந்து கிடக்கும் துளைகளை எண்ணி, அகலத்தை அளந்து, வரைபடத்தில் குறித்து வரட்டும். அவற்றை மூடக் கோரி ஊராட்சிக்கு அனுப்பும் மனுவைப் பிழையின்றி எழுதப் பழக்கும் பொறுப்பைத் தமிழ்த்துறை ஏற்றுக்கொள்ளலாம்.