பப்ளிக் ஸ்கூலும் பொது ஜனமும்

மதுரைக்குக் கிழக்கே, தெப்பக்குளத்தைத் தாண்டி வண்டியூர் வழியாக ரிங் ரோடு பக்கம் போகின்றவர்கள் இரு பக்கமும் சற்றுக் கவனித்துக்கொண்டு போவார்களானால், பள்ளிக்கூட விளம்பரப் பலகைகளுக்குப் பஞ்சமே இல்லை என்பதைக் காண்பார்கள். நமது நாட்டுப் புறநகர்கள் எல்லாவற்றிலும் போலவே "பப்ளிக் ஸ்கூல்" என்னும் பெயரும் அப்பலகைகளில் தாராளமாய் அடிபடுகின்றது. பப்ளிக் என்றால் பொது ஜனம். ஸ்கூல் என்றால் பள்ளிக்கூடம். ஆகவே இது பொது ஜனங்களுடைய பள்ளிக்கூடந்தான் என்று நம்பி, சித்தாள் வேலை பார்க்கும் ஒரு தாய் தன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பீஸ் எவ்வளவு என்று கேட்ட மாத்திரத்திலேயே பொது ஜனம் வெளியே வந்துவிடும்.

நமக்கு இது புதிதுமல்ல. பொதுக் குளம், பொதுச் சாவடி, பொதுக் கோவில் என்று பெயர் வைத்துக்கொண்டு, அந்தப் பொது ஜனத்திலேயே ஒரு பெரும் பகுதியாரைக் கிட்ட வரக்கூடாதென்று தள்ளி நிறுத்தி வைத்திருந்த நாடல்லவா இது? மதுரை மீனாட்சி கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைவதற்கே 1939ஆம் வருஷம் ஜூலை மாதம் 8ந் தேதி வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் காசில்லாதவர் நுழைய முடியாத பள்ளிக்கூடத்திற்குப் "பொது" என்று பெயர் இருப்பதில் அதிசயமென்ன? இந்தப் பெயரை நமக்குக் கொடுத்தவர்களும் சாமானியர்களல்ல. இங்கிலாந்தில் ஈட்டன், ஹாரோ முதலிய பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குத்தான் பப்ளிக் ஸ்கூல் என்று பெயர்.

நிற்க, அந்தப் பெயர் உண்மையிலேயே பொதுப் பள்ளியைக் குறிக்கின்ற தேசம் ஒன்றும் உண்டு. அது அமெரிக்கா. அங்கே பள்ளிக்கூடங்களை நடத்துவதற்கென்றே தனி எல்லை வகுத்துப் "பள்ளி வட்டாரம்" என்று வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றிற்கு அந்த வட்டாரத்து ஜனங்களே ஓட்டுப் போட்டு நிர்வாக சபையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவ்வூர் வீடுகளின் மீதும் நிலங்களின் மீதும் வரி போட்டுச் செலவில் ஒரு கணிசமான பகுதியைத் திரட்டுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது. நகரத்திற்கு வெளியேயுள்ள வசதியான புறநகர்களில் டாக்டர் பிள்ளையும், ஜட்ஜ் பிள்ளையும், கடைக்காரர் பிள்ளையும் இந்த இலவசப் பள்ளியிலேயே படிக்கின்றன. இலவசப் பள்ளியில் படிப்பது அங்கே கேவலமாகக் கருதப்படுவதில்லை. எங்கள் வட்டாரத்துப் பள்ளிகள் பரீட்சையில் முதலில் நிற்பவை என்று, நம்மவர்கள் ஊர்க் கோபுரத்தைப் பற்றிப் பெருமை பேசுவதுபோல் பேசிக்கொள்வார்கள். வீட்டுத் தரகர் ஒரு வீட்டைக் காட்டும்போது, கிணற்றையும் வாஸ்துவையும் சொல்வதற்குப் பதிலாக, அது எந்தப் பள்ளி வட்டாரத்தைச் சேர்ந்தது என்பதைத்தான் முதலில் சொல்லுவார்.

இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றும், எச்சரிக்கையாயிருக்க வேண்டியது ஒன்றும் ஆக இரண்டு இருக்கின்றன.

கற்றுக்கொள்ள வேண்டியதாவது: ஊரில் செல்வாக்குள்ளவன் தன் பிள்ளையையும் அந்தப் பொதுப் பள்ளியில் விட்டிருக்கிறான். ஆகையால் கூரை ஒழுகினால் அது அவன் வீட்டுக் கூரை ஒழுகுவதற்குச் சமம். கணக்கு வாத்தியார் இல்லையென்றால் மறுநாளே கூட்டத்தில் எழுந்து ஏன் என்று கேட்கின்றான். பள்ளி உயர்ந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

எச்சரிக்கையாவது: அந்தப் பொதுப் பள்ளியைச் சுற்றி ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். அதற்கு வீட்டு விலை என்று பெயர். அந்த வட்டாரத்தில் வீடு வாங்கவோ வாடகை கொடுக்கவோ சக்தியில்லாதவன் பிள்ளை அந்தப் பள்ளியில் சேர முடியாது. நமது நாட்டில் அக்கிரகாரத்திற்குள் குடியிருக்கப் பிறப்பு வேண்டும். அங்கே நல்ல பள்ளியுள்ள தெருவில் குடியிருக்கப் பணம் வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இது நமது கற்பனையல்ல. டெக்ஸாஸ் மாகாணத்தில் சான் ஆன்டோனியோ என்ற நகரப் பகுதியில் ஆலமோ ஹைட்ஸ் என்ற வசதியான வட்டாரமும், எட்ஜ்வுட் என்ற ஏழைகளின் வட்டாரமும் இருக்கின்றன. 1967-68ஆம் வருஷத்தில் எட்ஜ்வுட்காரர்கள் 100 டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வீதம் வரி கொடுத்தார்கள். ஆலமோ ஹைட்ஸ்காரர்கள் கொடுத்ததோ 85 சென்ட். அதிக விகிதத்தில் வரி கொடுத்தும், எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்குச் செலவிட முடிந்தது எல்லா வகையிலும் சேர்த்து 356 டாலர். குறைந்த விகிதத்தில் கொடுத்த ஆலமோ ஹைட்ஸில் செலவானது 594 டாலர். சொத்து அங்கே இருந்தது, இங்கே இல்லை, வேறு காரணமில்லை. எட்ஜ்வுட் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 1973இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் 5 நீதிபதிகளுக்கு 4 நீதிபதிகள் என்ற கணக்கில் அவர்களுக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. பிறகு 1989இல்தான் டெக்ஸாஸ் மாகாண உயர்ந்த கோர்ட் இந்த ஏற்பாடு மாகாணச் சட்டத்திற்கு விரோதம் என்று ஒப்புக்கொண்டது.

ஆகவே ஒரு வட்டாரம் பரீட்சையில் முதலாவதாக வந்தது என்று யாராவது சொன்னால், பகுத்தறிவுள்ளவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அங்கே யார் யாரை உள்ளே விட்டார்கள்?" என்பதாகும். 1966இல் அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் மாணவர்களைப் பரிசோதித்து வெளியான கோல்மன் அறிக்கை, பிள்ளைகளின் தேர்ச்சிக்கும் அவர்கள் குடும்ப நிலைமைக்கும் உள்ள நெருங்கிய சம்பந்தத்தைக் காட்டிற்று. தகுதி, திறமை என்று நமது நாட்டில் சிலர் ஓயாமல் ஓதும் மந்திரத்தின் உட்பொருளும் பெரும்பாலும் இதுதான். படித்த அப்பனும், தனி வாத்தியாரும், வேளாவேளைக்குச் சாப்பாடும் உள்ளவன் மார்க்கு வாங்கினால் அதற்குத் திறமை என்று பெயர்; இவை ஒன்றுமில்லாதவன் வாங்காவிட்டால் அதற்குத் தலையெழுத்து என்று பெயர். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகிதம் ஒதுக்கித் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதற்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகள் போன இடத்திற்கு, அந்த வருஷமே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் போனார்கள். ஒரே வருஷத்தில் தலையெழுத்து மாறிவிட்டதா? மாறியது கதவுதானே!

இனி, ஊரார் கூடித் தங்கள் கையால் பள்ளியை உயர்த்திய கதைக்கு அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. மதுரைக்குத் தெற்கே விருதுநகர் வரை போனால் போதும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நாடார்கள் கோவிலுக்குள் நுழையத் தகாதவர்கள் என்று தள்ளப்பட்டிருந்தார்கள். 1899இல் சிவகாசியில் கலகம் நடந்தது; கமுதிக் கோவில் வழக்கு 1908இல் பிரிவி கவுன்சிலிலும் அவர்களுக்குத் தோற்றது. இப்படிப்பட்ட நிலையில் விருதுநகர் வியாபாரிகள் தங்கள் வியாபாரத்தின் மீது தாங்களே மகமை என்ற வரியைப் போட்டுக்கொண்டார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்குமுன் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அதைக் கொண்டு க்ஷத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள். இதுவும் ஒரு பள்ளி வட்டாரமேயல்லவா? பெயர் வேறு, வேலை ஒன்று. பிற்காலத்தில் விருதுநகர் ஜில்லா பிளஸ் டூ பரீட்சைத் தேர்ச்சியில் பல வருஷங்கள் தொடர்ந்து முதலில் நின்றதென்றால், அது எந்தக் கிரகத்தின் பார்வையாலும் அல்ல. பிள்ளை படிப்பது ஊர்க் காரியம் என்று நூறு வருஷம் எண்ணி வந்ததன் பலனேயாகும்.

அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்த ஒரு பையன்தான் பின்னர் முதல் மந்திரியான காமராசர். மகமையும் பிடி அரிசியும் ஒரு சமூகத்தாருடைய முயற்சி. அவரோ அதைச் சர்க்காரின் கடமையாக்கி நாடு முழுவதற்கும் பரப்பினார். 1956இல் பகலுணவு கொடுத்தார். 1958 முதல் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களைக் கொண்டு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தி, ஊராரே பெஞ்சும் மணியும் கட்டிடமும் கொடுக்கச் செய்தார். ஒரு சமூகம் தனக்கென்று செய்துகொண்டதை வேலியில்லாமல் எல்லோருக்கும் செய்ததுதான் அதன் பெருமை.

இப்பொழுது வண்டியூருக்குத் திரும்புவோம். 2011இல் வண்டியூர் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. இங்கே அமெரிக்காவைப்போல் வீட்டு விலை வேலி பொதுப் பள்ளிக்கு இல்லை. அரசுப் பள்ளி வாத்தியாருக்குப் பணக்காரத் தெருவில் ஒரு சம்பளம், ஏழைத் தெருவில் ஒரு சம்பளம் என்று கிடையாது. மாநகராட்சிக்கு நாம் கட்டும் சொத்து வரியிலேயே கல்வி வரியும் அடங்கியிருக்கின்றது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர்க் கல்வியும் சுப்ரீம் கோர்ட் வரை போய் 2011இல் நிலைத்துவிட்டது. வேலி இல்லை, கதவு திறந்திருக்கின்றது, வரியும் கட்டியாகிவிட்டது. பின் என்ன குறை? வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள் என்பதே குறை.

இதை வண்டியூர்க்காரர்களுக்கு விளக்குவது மிகவும் சுலபம். அவர்களுக்குக் கண்மாய் தெரியும். ஊரில் பெரிய நிலக்காரரும் சிறிய நிலக்காரரும் ஒரே கண்மாய்த் தண்ணீரை நம்பியிருந்த வரையில் மராமத்து நடந்தது. வரத்துக்கால் வெட்டினார்கள், மடையைப் பார்த்தார்கள். பெரிய நிலக்காரர் தமக்கென்று போர் போட்டு மோட்டார் வைத்துக்கொண்ட நாள் முதல், கண்மாயைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு என்ன இருக்கிறது? கண்மாய் மேடிட்டது, கருவேல் முளைத்தது. பிறகு அந்தப் பெரியவரே கரையில் நின்று, "கண்மாய்த் தண்ணீர் நல்லதில்லை, அதனால்தான் நான் போர் போட்டேன்" என்றும் சொல்லுவார். அரசுப் பள்ளியில் தரமில்லை, ஆகையால் சேர்க்கவில்லை என்று சொல்லுகின்ற கனவான்களின் வாதமும் இதேதான். தரமில்லாமையால் நீங்கள் போனீர்களா, நீங்கள் போனதால் தரம் கேட்பாரற்றுப் போனதா என்பதை அவர்களே நெஞ்சில் கைவைத்து யோசிக்கட்டும்.

நாம் ஏழைப் பெற்றோர்களைக் குறை சொல்லவில்லை. கடன் வாங்கிப் பீஸ் கட்டுகின்ற ஆட்டோ டிரைவருக்குத் தன் பிள்ளை ஏமாந்துவிடக் கூடாதே என்ற பயந்தான் காரணம். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் யார்? அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு தம் பிள்ளையை வேறிடத்தில் சேர்க்கும் உபாத்தியாயர்களும், பள்ளி விழாவில் மாலை வாங்கிக்கொண்டு தம் பேரனைக் காரில் வேறு பள்ளிக்கு அனுப்பும் பிரமுகர்களுமேயாவார்கள். சமைத்தவனே சாப்பிடாத ஓட்டலில் வேறு யார் நம்பிச் சாப்பிடுவார்கள்? அலகாபாத் ஹைகோர்ட் 2015 ஆகஸ்டு மாதத்தில், அரசாங்க உத்தியோகஸ்தர்களும், ஜனப் பிரதிநிதிகளும், நீதிபதிகளும் தங்கள் பிள்ளைகளைச் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலேயே சேர்க்க ஏற்பாடு செய்யும்படி உத்தரப்பிரதேச சர்க்காருக்கு உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தோடு நின்றது. அது நிறைவேறியிருந்தால் கூரைகளெல்லாம் ஒரே கோடையில் பழுது பார்க்கப்பட்டிருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

பொதுப் பள்ளியால் ஆகாதது ஒன்றுமில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ந் தேதி தொடங்கியது மதுரையில், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சி ஆரம்பப் பள்ளியில்தான். அன்று அது 1,545 பள்ளிகளுக்கென்று வந்தது. யானைமலைப் பக்கத்துக் கொடிக்குளத்தில் ஆயி என்னும் பூரணம் அம்மாள், பாங்கியில் வேலை பார்த்தவர், மறைந்துபோன தம் மகளின் நினைவாகக் கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அவ்வூர் அரசுப் பள்ளி உயர்வதற்காக 2024 ஜனவரியில் எழுதிக் கொடுத்தார். ஒரு குமாஸ்தா அம்மாளுக்கு இருந்த அறிவும் மனமும் நமது புறநகர்ப் பெரிய மனிதர்களுக்கு ஏன் வரக்கூடாது என்று கேட்கின்றோம்.

அவ்வளவு நிலம் எல்லோரிடமும் இல்லைதான். ஆனால் 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அமெரிக்காக்காரன் வீட்டை விலைக்கு வாங்கிப் பெறுகின்ற உரிமையை நமக்குச் சட்டம் இனாமாகக் கொடுத்திருக்கின்றது. வண்டியூர்த் தோழர்கள் செய்ய வேண்டியது இரண்டே. பிள்ளையைத் தெருப் பள்ளியில் சேருங்கள். குழுக் கூட்டத்திற்குத் தவறாமல் போய்க் கணக்குக் கேளுங்கள். முதலில் பத்துக் குடும்பம் போகட்டும். பதினோராவது குடும்பம் தானே வரும். சிறந்த பள்ளி வட்டாரம் என்பது யாராலும் கொண்டுவந்து வைக்கப்படுவதல்ல. ஊரார் எல்லோருடைய பிள்ளையும் ஒரே மணிச் சத்தத்திற்கு எழுந்து ஓடுகின்ற இடமே அது.