பங்கு அரசுக்கு, பிடி முதலாளிக்கு

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் முப்பதாண்டுகள் சுமை தூக்கி ஓய்ந்து, ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி வாழும் தோழர் ஒருவர், அண்மையில் தமது கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "கம்பெனிக்கு மூணு பேரு பாத்தாச்சு தோழர். நம்ம நம்பர் மட்டும் அப்பிடியே இருக்கு. இன்னொரு தடவையும் மாறும்ங்கிறாங்களே, நெசமா?" என்று கேட்டார். அவர் அந்த எண்ணை வாங்கியபோது நிறுவனத்தின் பெயர் எஸ்கோடெல். 2004இல் அதனை ஐடியா வாங்கியது. 2018இல் ஐடியாவும் வோடஃபோனும் ஒன்றாயின. 2020 செப்டம்பரில் இரு பெயர்களும் சுருங்கி 'வி' என்ற ஓரெழுத்தாயிற்று.

வணிக ஏடுகள் பல பத்திகளில் விவாதிக்கும் கேள்வியைத்தான் அத்தோழர் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார். அரசுக்குச் செலுத்த வேண்டிய சுமார் 2 இலட்சம் கோடி ரூபாய் கடன்சுமையில் தத்தளிக்கும் வோடஃபோன் ஐடியா, தனித்து நிற்குமா? வேறொரு முதலாளியின் கைக்குப் போகுமா? அல்லது பிஎஸ்என்எல் தலையில் கட்டப்படுமா? இதற்கு விடை காண, இதுவரை நடந்தவை என்ன என்பதை முதலில் காண வேண்டும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழில் தொலைபேசித் தொடர்பும் 'இணைப்பு'. இரு நிறுவனங்கள் ஒன்றாவதும் 'இணைப்பு'. மலையாள நாளேடுகள் பின்னதை 'லயனம்' என்கின்றன. ஒன்று மற்றொன்றில் கரைந்து மறைவதை அச்சொல் மறைக்காமல் சொல்லிவிடுகிறது. பெருநிறுவன அறிக்கைகளோ 'சந்தை ஒருங்கிணைப்பு' என்று எழுதச் சொல்கின்றன. தொழிலாளர் கூடிச் செயற்படுவதைக் குறிக்க நமது இயக்கம் வழங்கிவரும் சொல் அது. இங்கு நடப்பது வேறு. பெருமூலதனம் சிறுமூலதனத்தை விழுங்கி ஒரு சில கைகளில் குவிவதை, 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் மையப்படல் என்று விளக்கினார். போட்டியே ஏகபோகத்தை ஈன்றெடுக்கும் முறையை 1916இல் 'ஏகாதிபத்தியம்' நூலில் லெனின் விரித்துரைத்தார். இந்தியத் தொலைத்தொடர்புத் துறை முப்பதே ஆண்டுகளில் இவ்விரு பாடங்களையும் நம் கண்முன் நடத்திக் காட்டிவிட்டது.

1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதலமைச்சர் தோழர் ஜோதிபாசு கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து ஒன்றியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே நாட்டின் முதற் கைப்பேசி அழைப்பு. அதற்கு வழிசெய்த மோடி டெல்ஸ்ட்ரா நிறுவனம் இன்றில்லை. 2016இல் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நிறுவனங்கள் களத்தில் இருந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று ரிலையன்ஸ் ஜியோ சேவையைத் தொடங்கி, 2017 மார்ச் இறுதிவரை இலவசமாக வழங்கியது. ஆழமான பணப்பை உடையவன் இலவசமாகக் கொடுக்கும்போது கடன் வாங்கித் தொழில் நடத்துபவன் எத்தனை நாள் நிற்பான்? டெலினாரின் இந்தியப் பிரிவும் டாடாவின் கைப்பேசிப் பிரிவும் ஏர்டெல்லிடம் போயின. அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017 இறுதியில் கைப்பேசிச் சேவையை மூடியது. இன்று தனியார் துறையில் எஞ்சியவை மூன்றே. அவற்றுள் ஜியோ, ஏர்டெல் இரண்டின் கையில் மட்டும் நாட்டின் கைப்பேசிச் சந்தாதாரர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இருக்கின்றனர்.

ஒரு நிறுவனம் விழும்போது யார் மீது விழுகிறது என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தமிழகத்தில் வேரூன்றி வளர்ந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் அலைவரிசை இழந்து நின்றது. வங்கிக் கணக்கு, எரிவாயுப் பதிவு, வெளியூர்ப் பிள்ளையின் குரல் அனைத்தையும் அந்த ஓர் எண்ணில் கட்டிவைத்திருந்த மக்கள், வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான குறியீட்டைப் பெறக் கடை வாசல்களில் காத்துக் கிடந்தனர். அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் மனுவுடன் தீர்ப்பாயம் சென்றது. முதலாளிக்குச் சட்டத்தில் ஒரு புகலிடம் இருந்தது. சிம் விற்ற சிறுகடைக்காரருக்கும் வேலையிழந்த ஊழியருக்கும் அத்தகைய புகலிடம் எது?

'போட்டியால் இணையம் மலிவாயிற்றே, அதை மறுக்கிறீர்களா?' என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. மறுக்கவில்லை. 2016, 2017இல் தரவுக் கட்டணம் சரிந்தது உண்மை. ஏழை மாணவர் கைக்கும் இணையம் வந்தது உண்மை. ஆனால் அந்த மலிவு களத்தைக் காலி செய்வதற்குக் கொடுக்கப்பட்ட விலை. களம் காலியானதும் கணக்குத் தீர்க்கப்படலாயிற்று. 'வாழ்நாள் இணைப்பு' என்று விற்ற சிம்கார்டுகளுக்கும், அழைப்பு வர வேண்டுமானால் 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிலை 2018 இறுதியில் வந்தது. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என மும்முறை கட்டணங்கள் உயர்ந்தன. ஒவ்வொரு முறையும் ஒரு நிறுவனம் உயர்த்திய சில நாட்களுக்குள் மற்றவையும் உயர்த்தின. கடைசி உயர்வில் ஏர்டெல்லின் 28 நாள் திட்டம் 179 ரூபாயிலிருந்து 199 ஆயிற்று. இவர்கள் நாட்காட்டியில் மாதத்துக்கு 28 நாள். ஆகவே ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம். அன்றாடக் கூலி பெறும் குடும்பத்தில் மூன்று கைப்பேசிகள் இருந்தால் இது எவ்வளவு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

2024 ஜூலையில் மக்களில் இலட்சக்கணக்கானோர் பிஎஸ்என்எல்லை நாடினர். அது கட்டணத்தை உயர்த்தவில்லை. ஆனால் அன்று அதனிடம் நாடு தழுவிய 4ஜி இல்லை. ஏன் இல்லை? 4ஜி கருவிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி 2020இல் இரத்துச் செய்யப்பட்டது. தனியார் நிறுவனங்கள் அயல்நாட்டுக் கருவிகளை வாங்கிக் குவித்து முன்னேறியபோது, உள்நாட்டுத் தொழில்நுட்பத்துக்காகக் காத்திருக்கும் கடமை பொதுத்துறைக்கு மட்டும் விதிக்கப்பட்டது. உள்நாட்டுத் தொழில்நுட்பம் வேண்டியதே; அதன் தாமதத்தை ஒரு நிறுவனம் மட்டும் சுமக்க வேண்டும் என்பது என்ன நீதி? ஜியோ வந்து ஒன்பதாண்டுகளுக்குப் பின், 2025 செப்டம்பர் 27 அன்றுதான் பிஎஸ்என்எல்லின் 4ஜி முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. இடையே, 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000க்கும் மேற்பட்டோர், அதாவது ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டோர், விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினர். அதற்கு முந்தைய ஆண்டு கேரளத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் ஊதியமின்றிப் போராடியதை இவ்வூர் மறக்கவில்லை.

பொதுத்துறையிடம் இத்தனைக் கண்டிப்புக் காட்டிய அரசு, தனியாரிடம் எப்படி நடந்துகொண்டது? வோடஃபோன் ஐடியா தரவேண்டிய நிலுவையில் 16,133 கோடி ரூபாயை 2023இலும், 36,950 கோடி ரூபாயை 2025இலும் பங்குகளாக மாற்றிக்கொண்டது. ஒரு பங்கின் விலை 10 ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. இரு முறையும் சந்தையில் அப்பங்கு 7 ரூபாய்க்கும் கீழே விற்றது. இவ்வாறு அரசின் பங்கு ஏறத்தாழ 49 விழுக்காடாயிற்று. பிர்லா குழுமமும் பிரிட்டனின் வோடஃபோனும் சேர்ந்து வைத்திருப்பது ஏறத்தாழ 26 விழுக்காடே. ஆயினும் நிர்வாகம் அவர்களிடமே. 26 ஆணையிடுகிறது, 49 கைகட்டி நிற்கிறது. இந்த வரம்பைத் தாண்டி நிறுவனத்தைப் பொதுத்துறையாக்கும் எண்ணம் இல்லை என்றும் ஒன்றிய அரசு கூறிவிட்டது.

2021 ஜூனில் குமாரமங்கலம் பிர்லா ஒன்றிய அமைச்சரவைச் செயலாளருக்கு எழுதிய கடிதத்தில், தமது பங்கை எந்த அரசு நிறுவனத்திடமும் ஒப்படைக்க ஆயத்தமாக உள்ளதாகத் தெரிவித்தார். இலாபம் வந்த நாட்களில் இத்தகைய கடிதம் எதுவும் எழுதப்பட்டதில்லை. நம் தோழர்களில் சிலர், 'அப்படியானால் வாங்கி பிஎஸ்என்எல்லுடன் சேர்த்துவிடலாமே, தேசியமயம் நமது கோரிக்கைதானே?' என்கின்றனர். இங்கே நாம் தெளிவாக இருக்க வேண்டும். 1969இல் 14 வங்கிகள் தேசியமயமானபோது அரசின் கைக்கு வந்தது நிர்வாக அதிகாரம். கடனை மட்டும் பொதுவாக்கிப் பிடியை முதலாளியிடம் விட்டுவைப்பது தேசியமயம் அன்று, நட்டத்தை மக்கள்மயமாக்குதல். பிஎஸ்என்எல் மீது அக்கடனைக் கட்டுவது, நோயிலிருந்து எழுந்து நடக்கத் தொடங்கியவன் முதுகில் மூட்டையை ஏற்றுவதாகும்.

அதே வேளையில், வோடஃபோன் ஐடியா விழட்டும் என்று நாம் இருந்துவிடவும் முடியாது. அது விழுந்தால் தனியார் சந்தை இருவர் கைக்குள் அடங்கும். ஊழியர்கள் தெருவுக்கு வருவர். பங்காக மாறிய மக்கள் பணமும் போகும். ஆகவே நமது கோரிக்கை இதுதான்: மக்கள் பணம் எவ்வளவோ, நிர்வாகத்தில் மக்களின் அதிகாரமும் அவ்வளவு இருக்க வேண்டும். இணைப்போ கைமாற்றமோ எதுவாயினும் ஊழியர்களின் வேலைக்கு உறுதி தரப்படாமல் ஒப்புதல் கூடாது. கட்டணத்துக்கு ஒழுங்காற்று ஆணையம் உச்சவரம்பு விதிக்க வேண்டும். பிஎஸ்என்எல்லுக்கு 5ஜி இன்னொரு ஒன்பதாண்டு தாமதமாகக் கூடாது.

இது நடவாத கனவன்று. இணையத்தை அடிப்படை உரிமையாக அறிவித்து, மின்வாரியக் கம்பங்கள் வழியே இழை இழுத்து, கேஃபோன் என்னும் பொது வலையமைப்பை 2023 ஜூன் 5 அன்று நாட்டுக்கு அளித்தது கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு. குறைகள் உண்டு, திருத்தலாம். ஆனால் கம்பியும் அலைவரிசையும் மக்கள் சொத்தாக இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

சாலைக் கம்போளத்துத் தோழருக்கு நான் சொன்ன விடை இதுதான்: "பேரு மாறலாம் தோழர், மாறாமலும் போகலாம். இப்ப அதுல பாதி நம்ம காசு. அத யாரு கேக்கப்போறாங்கன்றதுதான் கேள்வி." அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நாமதான் கேக்கணும்."