எந்த மேடு இதயத்துடிப்பு? தேடித் தரும் 'வேவ்லெட்' கணக்கு

ஸ்மார்ட்வாட்ச்சில் இ.சி.ஜி. எடுக்கும்போது 'கையை அசைக்காதீங்க' என்பது சும்மா இல்லை. இ.சி.ஜி. கோட்டில் ஊசி மாதிரி எழும் மேட்டுக்கு 'ஆர்' என்று பெயர். இரண்டு மேடுகளுக்கு இடையிலான நேரத்தை வைத்துத்தான் துடிப்பு சீராக இருக்கிறதா என்று கணக்கிடுகிறார்கள். சிக்கல் என்னன்னா, தசை இறுகினாலும் மேடு வரும். மூச்சு விட்டாலே மொத்தக் கோடும் ஏறி இறங்கும். 'இந்த உயரத்தைத் தாண்டினால் துடிப்பு' என்று மட்டும் வைத்தால் கணக்கு சொதப்பிவிடும்.

இதற்கான வழிகளில் ஒன்று வேவ்லெட். எண்ணெய் தேடும் நில அதிர்வுப் பதிவுகளை ஆராய, பிரான்ஸின் ழான் மோர்லே 1980களின் தொடக்கத்தில் முன்வைத்த உத்தி இது. ஒரு குட்டி அலையைச் சுருக்கியும் நீட்டியும் சிக்னல் முழுக்க நகர்த்தி, எங்கே பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். சுருக்கும்போது மட்டும் பொருந்தினால், பெரும்பாலும் தசை இரைச்சல். ரொம்ப நீட்டினால் மட்டும் பொருந்துவது மூச்சின் ஏற்ற இறக்கம். சுமார் 0.1 விநாடி நீடிக்கும் நிஜத் துடிப்போ, அடுத்தடுத்த பல அளவுகளிலும் அதே இடத்தில் தலைகாட்டும். பள்ளங்களையும் இப்படியே பிடிக்கலாம்.

கை அசைவும் அதே அகலத்தில் வந்தால் இந்தக் கணக்கும் ஏமாறும். அப்போது 'முடிவு தெளிவில்லை' என்று காட்டும் வாட்ச்சைத் திட்ட வேண்டாம். எப்போதும் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டுவதைத்தான் சந்தேகப்பட வேண்டும். நெஞ்சு வலிக்கும்போது 'நார்மல்' என்று வந்தாலும் மாரடைப்பு இல்லை என்று அர்த்தமில்லை. வாட்ச் பார்ப்பது துடிப்பின் சீரை மட்டுமே. உடனே 108-ஐ அழையுங்கள்.