பொம்மைக் கூட்டமும் நிஜக் கூட்டமும்

கம்ப்யூட்டர் கேமில் ஆயிரம் பேரை ஒரே கிளிக்கில் ஓட வைக்கலாம். விர்ச்சுவல் ரியாலிட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டால், அந்த ஆயிரம் பேருக்கு நடுவிலேயே நின்று கையசைத்து நகர்த்தலாம். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் "கூட்டத்தை எப்படி அடக்குவது?" என்ற கேள்வியே தப்பு!

கொஞ்சம் பின்னால் போவோம். 1987-ல் கிரெய்க் ரெனால்ட்ஸ் 'பாய்ட்ஸ்' என்ற மாதிரியை வெளியிட்டார். அதில் பறவைக் கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது. ஒவ்வொரு பறவைக்கும் மூன்றே விதிகள்: பக்கத்துப் பறவை மேல் மோதாதே, அது போகும் திசையிலும் வேகத்திலும் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. அவ்வளவுதான். திரையில் நிஜப் பறவைகள் போலவே பறந்தன. 1992-ல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தின் வௌவால் கூட்டம் இந்த வழியில் வந்ததுதான். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்காக ஸ்டீபன் ரெகலஸ் உருவாக்கிய 'மாஸிவ்' மென்பொருளிலும் ஒவ்வொரு வீரனும் சுற்றி நடப்பதைப் பார்த்துத் தானே முடிவெடுப்பான்.

ஆக, கூட்டம் என்று ஒரு தனி மிருகம் இல்லை. அவரவர் கண்ணுக்கு எட்டியதைப் பார்த்து அவரவர் நடக்கிறார்கள். இதுதான் இந்தத் துறையின் முதல் பாடம்.

2000-ல் டிர்க் ஹெல்பிங் குழு 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதியது. எல்லோரும் அவசரப்பட்டால் வாசலில் அடைத்துக்கொண்டு வெளியேறுவது இன்னும் தாமதமாகும் என்று கணினியில் காட்டியது. அருமையான முடிவு. ஆனால் அதன் தலைப்பிலேயே 'பீதி' என்ற வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. பீதி என்று சொன்னவுடன் பழி யார் மேல் விழும்? வாசலைக் குறுகலாகக் கட்டியவர் மேலா, அதில் நசுங்கியவர் மேலா?

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை. 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானம். வெளியே நெரிசல் என்று போலீஸ் ஒரு வாயிலைத் திறக்கச் சொன்னது. உள்ளே போனவர்களை ஏற்கனவே நிரம்பி வழிந்த பகுதிக்குக் கொண்டுபோன சுரங்கப்பாதையை யாரும் மூடவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. 97 உயிர்கள் போயின. ரசிகர்கள்தான் வாயிலை உடைத்தார்கள் என்று அன்று பழி போட்டார்கள். ரசிகர்கள் மேல் தவறில்லை என்று விசாரணை நடுவர் குழு சொன்னது 2016-ல். 27 வருடங்கள்!!

"தள்ளுகிறவன் ஒருவனும் இல்லையா?" என்று கேட்கலாம். இருப்பான். ஆனால் ஒருவன் தள்ளினால் நூறு பேர் சாகும் இடத்தை அனுமதித்தது யார் என்பதுதான் கேள்வி.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு உதாரணம் போதும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. எழுதாமலே விட்ட பில் அதில் தெரியாது. அதுபோல, திரையில் பொம்மைகள் அழகாக வெளியேறிவிட்டன என்பதற்காக மைதானம் பத்திரமானது ஆகிவிடாது. கீழே விழுந்த செருப்பை எடுக்கக் குனிபவரும், குழந்தையைத் தோளில் சுமப்பவரும் அந்தக் கணக்கில் ஏறியிருக்கிறார்களா?

விர்ச்சுவல் ரியாலிட்டிக்கு உருப்படியான வேலை ஒன்று உண்டு. மேலே இருந்து பார்க்கும் கடவுள் பார்வையை எடுத்துவிடுங்கள். மைதானம் கட்டுபவரையும் பாதுகாப்புக்குத் திட்டம் போடும் அதிகாரியையும் அந்தக் கண்ணாடியை மாட்டச் சொல்லி, சுரங்கப்பாதையின் கடைசி வரிசையில் நிற்க வையுங்கள். முன்னால் வெறும் முதுகுகள், பின்னாலிருந்து அழுத்தம், எங்கே போவது என்று தெரியாது. அங்கிருந்து வெளியே வர வழி இருக்கிறதா என்று அவர்களே தேடட்டும். வழி கிடைக்காவிட்டால் மாற வேண்டியது அவர்கள் போட்ட வரைபடம்தான்.