இடாப்பும் பெறுபேறும்

க. பொ. த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்ததும் பாடசாலை மதில்கள் பேசத் தொடங்கிவிடுகின்றன. 9 பாடங்களிலும் ‘ஏ’ சித்தி எய்தியோரின் படங்கள் பதாகைகளில் எழுகின்றன. மகிழ்ச்சியே. ஆனால் மதிலில் இடம்பெறாத பிள்ளைகள் எத்தனை பேர்?

உடுவிலை நினைக்கின்றேன். 1824இல் அமெரிக்க மிஷனார் இங்கே பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கினர். பின்னர் எலைசா அக்னியு அம்மையார் ஏறக்குறைய 40 ஆண்டு அதனை நடத்தினார். அன்று பெண்களுக்குப் பல்கலைக்கழக வாயில் திறந்திருக்கவில்லை. வீடுதோறும் எழுத்தறிந்த தாயொருத்தி என்பதே அக்கல்வியின் பெறுபேறு. அதனை எந்தப் பட்டியல் அளக்கும்?

அயலிலுள்ள வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். எனினும், தமிழுலகம் அவரைப் போற்றுவது பட்டத்துக்காக அன்று. 1887இல் ஏட்டிலிருந்து அச்சேற்றிய கலித்தொகைக்காகவே.

பெறுபேற்றுக்கேற்பப் பணம் என்னும் முறையை இங்கிலாந்து 1862இல் வகுத்தது. ஆசிரியர் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்பவற்றை உருவேற்றுவிப்பதிலேயே முனைந்தனர். அந்நூற்றாண்டு முடியுமுன் அம்முறை கைவிடப்பட்டது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 1991இல் ‘சாட்டர்’ பாடசாலைகளுக்குச் சட்டம் இயற்றியது. அவை பொதுப்பணத்தில், தம் நிருவாகத்தில் இயங்குவன. பேறு காட்டாவிடின் மூடப்படத்தக்கன. அங்கும் எழும் வினா இதுவே: சேர்ந்தோருள் இறுதிவரை நிலைத்தவர் எத்தனை பேர்?

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையாற் பொறுக்கியெடுத்த பிள்ளைகள் பின்னர்ச் சித்தியெய்துதல் வியப்பன்று. செம்மண்ணில் விளைவித்தவனினும் தரவையில் விளைவித்தவனே சிறந்த கமக்காரன்.

ஆதலின் பெறுபேற்றுக் கணக்கு பரீட்சை மண்டபத்திலன்று, சேர்விடாப்பிலே தொடங்கவேண்டும். ஆறாந் தரத்திற் சேர்ந்தோர், பரீட்சைக்குத் தோற்றியோர், தாய்மொழியிலும் கணிதத்திலும் சித்தியெய்தியோர், இடையில் நின்றோர் ஆகிய நான்கு தொகைகளையும் ஒவ்வொரு பாடசாலையும் ஒருங்கே வெளியிடுக.

இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி பெரிதன்று. பல்லாண்டின் முன், கணிதத்திற் பின்தங்கிய மாணவன் ஒருவன் பரீட்சைக்குத் தோற்றினால் வீதம் குறையுமென்று ஆசிரியர் அறையிற் பேச்செழுந்தது. நான் வாய் திறந்திலேன். அவன் பின்னர் வரவில்லை. இடாப்பில் அவன் பெயர்மீது சிவப்புக் கோடிட்டது என் கையே. அவ்வாண்டு எங்கள் வீதம் உயர்ந்தது.