கூரையில் எறிந்த பல்லுக்கு வாடகையா?

பிள்ளைக்குப் பால்பல் விழுந்தால் நம் பெண்ணாடம் பக்கத்தில் என்ன செய்வார்கள்? சாண உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள். புதுப்பல் முளைக்கும். அதற்கு எவனும் காசு கேட்டதில்லை.

இப்போது கேட்கிறார்கள்! “பல்லை எறியாதே, எங்களிடம் கொடு. உறைகுளிரில் பத்திரமாக வைக்கிறோம். நாளைக்குப் பிள்ளைக்கு நோய் வந்தால் அதுவே மருந்து. கட்டணத்தை மட்டும் கட்டு” என்று நம் நாட்டின் பெரிய நகரங்களில் கம்பெனிக்காரர்கள் கடை விரித்தார்கள்.

கரும்பு வெட்டும் தோழர்களுக்கு இந்த விஞ்ஞானம் புரியாததல்ல. வெட்டிய கரும்பின் கட்டை மறுபடி துளிர்த்து மறுதாம்பாக வளர்கிறதல்லவா? உடம்பிலும் அப்படித் துளிர்க்கும் அணுக்கள் உண்டு. ஸ்டெம் செல், அதாவது குருத்தணு என்பது அதுதான். பல்லின் நடுவே உள்ள கூழில் அது இருப்பதை 2000-ல் அமெரிக்க சர்க்காரின் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டார்கள். 2003-ல் விழுந்த பால்பல்லிலும் கண்டார்கள். சீனாவின் சியான் நகரில், அடிபட்டுப் பல் செத்துப்போன 30 பேருக்கு அவரவர் பால்பல்லின் குருத்தணுவையே உள்ளே வைத்தார்கள். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் திரும்பின என்று 2018-ல் அறிவித்தார்கள். ஜப்பானின் கியோட்டோவில் வேறு வழி: பல்லை முளைக்க வைக்கும் மருந்தை 2024-ல் மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

இது மனித அறிவின் வெற்றி. கைதட்டி வரவேற்கிறோம். ஆனால் சோதனை வேறு, சிகிச்சை வேறு. நாற்று விட்டவுடனே நெல் விலை பேசுகிறவனை என்னவென்று சொல்வது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் வருட நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது: வியாபாரமாகச் சேமித்து வைக்க அனுமதி தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டுமே. பல்லுக்கு இல்லை. சில ரத்த நோய்கள் முதலியவற்றைத் தவிர, வேறு நோய்க்கு ஸ்டெம் செல் என்றால் அது பரிசோதனைதான். பரிசோதனைக்கு நோயாளியிடம் பணம் பறிப்பது எந்த ஊர் நியாயம்? இல்லாத மருந்துக்கு இன்றே வாடகை! விற்பது மருந்தல்ல தோழர்களே, பெற்றவர்களின் பயம்!

“கூலிக்காரனுக்கு எதற்கு இந்தப் பேச்சு?” என்று கேட்கிற மேதாவிகளும் இருக்கிறார்கள். கூலிக்காரனுக்குப் பல் வலிக்காதா? உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய் உண்டு, அவர்களில் நான்கில் மூன்று பேர் நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கரும்பு வெட்டுவது நாம். சர்க்கரையை மிட்டாயாகவும் சோடாவாகவும் விற்று லாபம் சேர்ப்பது வேறொருவன். சொத்தைப்பல் மட்டும் நம் பிள்ளைக்கு!

பல் வலித்தால் நமக்கு என்ன வைத்தியம்? முதல் நாள் கிராம்பு. இரண்டாம் நாள் உப்புத் தண்ணீர். மூன்றாம் நாள் முகம் வீங்கியபின் ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறுகிறோம். வேரைச் சுத்தம் செய்து மேலே பீங்கான் மூடி போட்டால் அந்தப் பல் பிழைக்கும். ஆனால் அதற்குப் பணம் வேண்டும். பீங்கான் சுடும் விருத்தாசலத்துத் தொழிலாளி கையிலும் அந்தப் பணம் இல்லை. ஆகவே, “பிடுங்கிவிடுங்கள் டாக்டர்” என்கிறோம். பணக்காரன் பிள்ளையின் விழுந்த பல்லுக்கு உறைபெட்டி, பாட்டாளியின் உயிருள்ள பல்லுக்குக் குறடு!

சிதம்பரம் அண்ணாமலை நகரில் சர்க்கார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்த வளாகத்து மருத்துவ மாணவர்கள் 2020-21-ல் இரவு பகலாகப் போராடித்தான் சர்க்கார் கல்லூரிக் கட்டணத்தைப் பெற்றார்கள். கேட்டால் கிடைக்காது, போராடினால் கிடைக்கும் என்பதற்கு நம் ஜில்லாவே சாட்சி.

நாமும் கேட்போம்! ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் பல் டாக்டர் வேண்டும். பல்லைப் பிடுங்க மட்டுமல்ல, காப்பாற்றவும் இலவச சிகிச்சை வேண்டும். பல் சேமிப்பு வியாபாரத்தை அடியோடு நிறுத்த வேண்டும். குருத்தணு ஆராய்ச்சி பொதுப் பணத்தில், பொதுக் கல்லூரிகளில் நடக்க வேண்டும். அது கனிந்து மருந்தாகும் நாளில் முதல் ஊசி கரும்புக் காட்டுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

அதுவரை பால்பல்லைக் கூரைமேலேயே எறியுங்கள். கம்பெனிக்காரன் கையில் கொடுக்காதீர்கள்!